வெட்டப்பட்ட பீட்டிலும் ஒரு வெட்டி ஒப்பாரியும்

பழைய கார்கள் கூடும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. மூக்கை வெட்டி, மட்கார்டைக் குறுக்கி, பின்பக்க மூடியே இல்லாமல் இன்ஜின் வெளியே துருத்திக்கொண்டு ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நிற்கும். டயர் மட்டும் டிராக்டரிலிருந்து கழற்றி மாட்டியது போல இருக்கும். பக்கத்தில் மஞ்சள் துணியால் குரோமைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் எட்டிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். "நல்ல வண்டியைப் பாழாக்கிட்டாங்களே" என்பார். சுற்றி நிற்கும் நாலு பேரும் ஆமாம் போடுவார்கள்.

அந்த வண்டிக்குப் பெயர் பாஹா பக். பிறந்த இடம் தெற்கு கலிஃபோர்னியா, ஓடிய இடம் அதற்குக் கீழே மெக்சிகோவில் வால் போலத் தொங்கும் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், வெட்டுகிறவர்களைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் மிகக் குறைவு. ஆனால் வெட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கும் இப்போது திட்டு தேவைப்படுகிறது, அது வேறு காரணத்துக்காக. இந்தக் கட்டுரையில் இரண்டு பேருக்கும் உண்டு.

முதலில் கதை. 1960களில் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்று ஒருவர். படகு செய்யத் தெரிந்தவர், ஃபைபர்கிளாஸ் அவருக்குக் கைப்பழக்கம். 1964இல் ஒரு பீட்டிலின் உடம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் எலும்புகளின் மேல் தொட்டி மாதிரி ஒரு ஃபைபர்கிளாஸ் உடம்பை வைத்தார். மேயர்ஸ் மேன்க்ஸ் என்று பெயர். 1967 ஏப்ரலில் அவரும் டெட் மேங்கல்ஸும் அந்த வண்டியில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை பாஹா முழுவதையும் 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள். அதற்கு முன் 1962இல் ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள் வைத்திருந்த நேரம் 39 மணி 56 நிமிடம். அந்தத் தீபகற்பத்துக்கு முழு நீளத் தார் ரோடு வந்ததே 1973இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அதே 1967 அக்டோபர் கடைசியில் மெக்சிகன் 1000 என்ற பந்தயம் தொடங்கியது. இன்று பாஹா 1000 என்று உலகத்துக்குத் தெரிவது அதுதான். முதல் வருடம் ஜெயித்ததும் ஒரு மேன்க்ஸ்தான், 27 மணி 38 நிமிடம்.

மேன்க்ஸ் வாங்கக் காசு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இருக்கிற பீட்டிலையே எடுத்து, தரையில் இடிக்கிற பாகங்களை ரம்பத்தால் அறுத்தார்கள். முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு முழம். 1960களின் இறுதிக்குள் அதற்கென்றே ஃபைபர்கிளாஸ் மூக்கும் மட்கார்டும் கடையில் கிடைக்க ஆரம்பித்தன. பாஹா பக் என்பது இவ்வளவுதான். பணக்காரப் பையன்களின் விளையாட்டுச் சாமான் அல்ல. பக்கத்து வீட்டுக் கொல்லையில் டயர் இறங்கிக் கிடந்த, கடைக்காரன் கூட வாங்க மறுத்த ஒரு வண்டிக்குக் கிடைத்த இரண்டாவது ஆயுள்.

ஏன் பீட்டில்? நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் இருக்கும்போது, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் இந்தக் குட்டிக் காரை ஏன் பாலைவனத்துக்கு ஓட்டிப் போனார்கள்? இங்கேதான் சுவாரஸ்யம்.

சக்கரம் பிடிப்பு எடுப்பது அதன் மேல் அழுத்தும் எடையால். முன்னால் இன்ஜினை வைத்துப் பின் சக்கரத்தை இழுக்கவிடும் சாதாரணக் காரில், இழுக்கும் சக்கரத்தின் மேல் வண்டி எடையில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். பீட்டிலில் இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிறது. மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் இழுக்கிற சக்கரங்களின் மேல். மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாய்கிறது, பிடிப்பு கூடுகிறது. அந்த மொத்த எடையும் எவ்வளவு? வருடத்தைப் பொறுத்து 750, 800 கிலோ. இன்று ஷோரூமில் நிற்கும் நாலு கதவு ஜீப் ஒன்று இரண்டு டன் பக்கம் போகிறது. மணலில் புதையாமல் இருப்பதற்கு முதல் தகுதி லேசாக இருப்பதுதான். மணலுக்கு விலைப்பட்டியல் படிக்கத் தெரியாது.

அடுத்து அடிப்பாகம். நடுவில் முதுகெலும்பு போல ஒரு குழாய், இரண்டு பக்கமும் தட்டையான தகரத் தளம். கிளட்ச் வயர், கியர் கம்பி, பிரேக் ஒயர், பெட்ரோல் குழாய் எல்லாம் பெரும்பாலும் அந்தக் குழாய்க்குள்ளேயே ஓடுகின்றன. கல்லில் மாட்டி அறுபட வெளியே அதிகம் ஒன்றுமில்லை. சைலன்சர் குழாய் காரின் நீளத்துக்கு அடியில் ஓடுவதில்லை, இன்ஜினோடு பின்னாலேயே முடிந்துவிடுகிறது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஹோஸ் இல்லை. பாலைவனத்தில் தண்ணீரை மனிதர்கள் குடித்துக்கொள்ளலாம். இன்ஜினைக் கியர் பாக்ஸோடு பிடித்திருப்பது நாலே நாலு போல்ட். பழகிய கை இருந்தால் ஒரு மரத்தடியில் ஜாக்கி வைத்து இறக்கி ஏற்றிவிடலாம்.

சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. முறுக்கிக்கொடுக்கும் கம்பிகள். டார்ஷன் பார். முன்னால் இரண்டு குறுக்குக் குழாய்களுக்குள் தகட்டுக் கத்தைகளாக, பின்னால் ஒரு குழாய்க்குள் பக்கத்துக்கு ஒரு கம்பியாக. இதைக் கல்லும் மண்ணும் தொடவே முடியாது.

இதெல்லாம் கலிஃபோர்னியாக்காரர்கள் கனவு கண்டு சொன்னதல்ல. 1954, 1957, 1962 ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியை ஜெயித்தவை பீட்டில்கள். 1963இல் ஆஸ்திரேலியர்கள் அன்டார்க்டிகாவின் மாசன் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு சிவப்பு பீட்டிலை அனுப்பினார்கள். அது பனியில் ஒரு வருடம் ஓடிவிட்டுத் திரும்பி வந்து 1964இல் ஒரு ராலியையும் ஜெயித்தது. ரேடியேட்டர் இல்லாததன் அருமை அங்கே இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி, இப்போது ஒப்பாரிக்கு வரலாம்.

ஒப்பாரியின் முதல் அடி, "இது வரலாற்றுச் சின்னம், தொடக்கூடாது". எத்தனை சின்னம்? மெக்சிகோவின் பூவெப்லாவில் 2003 ஜூலை 30 அன்று கடைசி பீட்டில் வெளியே வந்தபோது கணக்கு 2,15,29,464. இரண்டு கோடியே பதினைந்து லட்சம். 1972இலேயே ஃபோர்டு மாடல் டி-யின் சாதனையை முறியடித்துவிட்ட எண்ணிக்கை. இதில் சில ஆயிரத்தை வெட்டியதால் வரலாறு அழிந்துவிட்டது என்பது, தோசைக்கல்லில் ஓரம் கருகியதால் அரிசிப் பஞ்சம் வந்துவிட்டது என்று சொல்வது போல.

இரண்டாவது அடி, "அசல் வடிவத்தைக் கெடுத்துவிட்டார்கள்". எது அசல்? இந்தக் காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது 1930களில், ஹிட்லரின் அரசுக்காக. வாரா வாரம் தபால்தலை ஒட்டிப் பணம் சேர்த்தால் கார் கிடைக்கும் என்று சொல்லி சுமார் 3,36,000 ஜெர்மானியர்களிடம் வசூலித்தார்கள். திட்டத்தில் சேமித்த ஒருவருக்கும் கார் வரவில்லை. போர் வந்தது. தொழிற்சாலையிலிருந்து போர்க்காலத்தில் வெளிவந்த உருண்டைக் கார்கள் சில நூறு மட்டுமே. அதே எலும்பின் மேல் தகரப் பெட்டி போல உடம்பு மாட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தனி கியர் வைத்து உயரம் ஏற்றி, சேற்றிலும் மணலிலும் ஓடக் கட்டிய கூபல்வாகன் சுமார் 50,000. அதாவது இந்த வடிவமைப்பு முதன்முதலில் கூட்டமாக ரோட்டுக்கு (அதுவும் ரோடு இல்லாத இடத்துக்கு) வந்ததே உடம்பு மாற்றப்பட்ட காட்டு வண்டியாகத்தான். மக்கள் வாங்க முடிந்த சாது பீட்டில் 1945க்குப் பிறகு வந்த விஷயம். அசல் அசல் என்று அடித்துக்கொள்கிறவர்கள் எந்த அசலைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்த அசலின் வரலாற்றை முழுசாகப் படித்தவர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது, கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று உண்டு, ஃபிவா என்று பெயர், 1966இல் தொடங்கியது. வரலாற்று வாகனம் என்றால் என்ன என்று அது வரையறுத்திருக்கிறது. குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் பராமரிக்கப்பட வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக் கூடாது. கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படிக்கலாம். தினமும் ஓட்டினால் அது வரலாற்று வாகனம் இல்லையாம்! மக்கள் கார் என்று பெயர் வைத்து, பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வேலைக்குப் போகவும் கட்டப்பட்ட ஒரு சாமானைப் போர்வை போர்த்தி ஷெட்டில் நிறுத்தினால்தான் அதற்கு மரியாதை. ஒரு மண்வெட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூ வைப்பது மாதிரி.

இந்தப் பக்தியின் பின்னால் சந்தை இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கையிருப்பில் பத்து அசல் வண்டிகள் வைத்திருப்பவருக்கு, பதினோராவது வண்டி எங்கோ ஒரு கல்லூரி மாணவன் கையில் இருநூறு டாலருக்குப் போய், அவன் அதை வெட்டி மகிழ்வது பிடிக்காது. எல்லா வண்டியும் "முதலீடு" ஆகிவிட்டால்தான் விலை நிற்கும். ஆக, பாரம்பரியம் என்ற சொல்லின் அடியில் சில சமயம் ரசீது புத்தகம் இருக்கிறது.

இந்தத் தரப்பில் ஒரே ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1953 தொடக்கம் வரை வந்த பீட்டில்களில் பின் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும். அடுத்து 1957 வரை முட்டை வடிவக் கண்ணாடி. இவை உண்மையில் மிச்சமிருப்பவை குறைவு. இவற்றில் முழுசாக ஒன்று கிடைத்தால் அதில் ரம்பம் வைப்பவனுக்கு ஒப்பாரி மட்டும் போதாது, உதையும் கொடுக்கலாம். ஆனால் பாஹாக்காரர்கள் தேடுவது அவற்றை அல்ல. முன்னால் மோதி மூக்கு நசுங்கியது, பேட்டரிக்குக் கீழே தளம் துருப்பிடித்து ஓட்டையானது, பின்னால் இடிபட்டது. 1960களின் கடைசியும் 1970களும். உண்மையில் பாஹா பக்குக்கு வெட்டப்படும் இடங்கள் எவை? முன் மூக்கும் பின் மடிப்பும். அதாவது மற்றவர்கள் மோதி ஏற்கனவே பாழாக்கிய இடங்கள். நாலு மட்கார்டும் போல்ட்டில் நிற்பவை, கழற்றிப் பரணில் போட்டு வைத்தால் பேரன் காலத்தில் திரும்ப மாட்டலாம். உடம்பே தளத்தோடு போல்ட்டில்தான் சேர்ந்திருக்கிறது. அந்த வண்டிகளுக்கு இருந்த மாற்று வழி அருங்காட்சியகம் அல்ல, காயலான் கடை.

இவ்வளவும் வெட்டுகிறவர்களுக்கு ஆதரவாக. இப்போது அவர்கள் முறை.

இன்றைய பாஹா பக் கட்டுகிறவர்களில் பெரும்பகுதி படத்துக்காகக் கட்டுகிறார்கள். உயரமாக நிற்க வேண்டும், டயர் பெரிசாக இருக்க வேண்டும், புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும், கூரையில் வரிசையாக லைட். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய சீட் பெல்ட், அதே பழைய பிரேக், ரோல் கேஜ் கிடையாது. ரோட்டைத் தாண்டாத காட்டு வண்டி. சரி, அது அவர்கள் காசு என்று விட்டுவிடலாமா? விட முடியாது. காரணம் பின் ஆக்சில்.

1968 வரை அமெரிக்காவில் விற்ற கையால் கியர் போடும் பீட்டில்களில் இருந்தது ஸ்விங் ஆக்சில். இரண்டு பக்கமும் ஆக்சில் குழாய், கியர் பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு, சக்கரப் பக்கம் மூட்டே கிடையாது. தோளில் மட்டும் மடங்கி, மணிக்கட்டு மடங்காத கை மாதிரி. வண்டியைத் தூக்கினால் இரண்டு கையும் கீழே தொங்கும், சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே ஒடுங்கும். இந்த நிலையில் வேகமாக வளைந்தால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். தூக்கத் தூக்க மடங்கும், மடங்க மடங்கத் தூக்கும். அடுத்தது குட்டிக்கரணம். ரால்ஃப் நாடர் 1965இல் எழுதி அமெரிக்கக் கார் உலகையே உலுக்கிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதே ஸ்விங் ஆக்சில் பற்றித்தான், அங்கே மாட்டியது செவர்லே கோர்வேர். ஃபோக்ஸ்வேகனே 1969 மாடலில் அமெரிக்க பீட்டிலுக்கு இரண்டு மூட்டுள்ள ஆக்சிலைக் கொடுத்துவிட்டது.

இந்த ஆக்சிலை உயர்த்துவது மிக எளிது என்பதுதான் ஆபத்து. பின் டார்ஷன் கம்பியின் உள் முனையில் 40 பல், வெளி முனையில் 44 பல். உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே எதிர்த் திசையில் ஒரு பல் நகர்த்தினால் கிட்டத்தட்ட 8.2 டிகிரி. வித்தியாசம் 0.8 டிகிரி. (40ஐயும் 44ஐயும் தேர்ந்தெடுத்த அந்த இன்ஜினியரின் மூளைக்கு ஒரு கும்பிடு.) இவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்யக் கொடுத்த வசதியை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று நாலு பல் தள்ளி மாட்டி, பின்பக்கத்தைத் தேள் கொடுக்கு மாதிரி தூக்கி வைத்துவிடுகிறார்கள். ஷாக் அப்சார்பர் பழசு. சக்கரம் கீழே தொங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டை கிடையாது. மேலே ரோல் கேஜ் கிடையாது. பக்கத்து சீட்டில் ஒரு நண்பன். இதைக் கலை என்றும் சுதந்திரம் என்றும் எப்படிச் சொல்வது?

இரண்டு மூட்டு ஆக்சில் உள்ள வண்டியைத் தூக்கினால் தப்பிக்கலாமா என்றால், அங்கே வேறு வரம்பு. மூட்டுகள் ஒரு கோணத்துக்கு மேல் மடங்காது, இறுகி உடையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அதே கம்பெனியின் வேனிலிருந்து பெரிய மூட்டுகளை எடுத்து மாட்டுகிறார்கள். முன்னால் 1966க்குப் பிந்தைய பால் ஜாயின்ட்டுக்கும் இதே நோய். பழைய கிங் பின் ஆக்சிலை மணல்காரர்கள் தேடி அலைவது பழமைப் பாசத்தால் அல்ல.

அப்புறம் டயர். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று 31 அங்குல டயர் மாட்டுகிறார்கள். கம்பெனி டயரின் விட்டம் சுமார் 25.5 அங்குலம். அதாவது கியர் சுமார் 21 சதவீதம் நீண்டுவிட்டது. பல 1500, 1600 மாடல்களில் கடைசிக் கியர் விகிதம் 4.125. பெரிய டயர் மாட்டியதும் அது 3.4 போல நடந்துகொள்ளும். இன்ஜின் கொடுப்பதோ 50, 60 குதிரைத்திறன். மேட்டில் முதல் கியரிலேயே திணறும், கிளட்சை அரைக்க வேண்டியிருக்கும், நாலு ஞாயிற்றுக்கிழமையில் கிளட்ச் காலி. உடனே "பீட்டில் இன்ஜின் பலமில்லை" என்று பழி. கினிமேட்டிக்ஸ் பேப்பரில் ஜஸ்ட் பாஸ் ஆனவர்களுக்கே புரிகிற கணக்கு இது. டயரைப் பெரிதாக்கினால் கியர் விகிதத்தையும் மாற்று, மாற்றக் காசில்லை என்றால் சின்ன டயரோடு போ. சின்ன டயரோடு அதிக தூரம் போகலாம்.

இன்ஜினை வெளியே காட்டும் ஆசைக்கு இன்னொரு பலி உண்டு. சிலிண்டர்களைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தகரங்களை "அழகாக இல்லை" என்று கழற்றி எறிவது. இந்த இன்ஜினைக் குளிர்விப்பது வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அல்ல, பெல்ட்டில் சுற்றும் ஒரு விசிறி. அந்தக் காற்றைச் சிலிண்டரின் செதில்கள் மேல் ஒட்டி ஓட வைப்பதே இந்தத் தகரங்கள்தான். கழற்றினால் காற்று போன போக்கில் போகும், இன்ஜின் வெந்துவிடும். ஏற்கனவே 1970 வரை வந்தவற்றில் ஆயில் கூலர் விசிறிக் காற்றின் வழியில் குறுக்கே நின்று மூன்றாவது சிலிண்டரைப் பட்டினி போட்டது, கம்பெனி 1971இல்தான் அதைத் தள்ளி வைத்தது. அதில் ஊற்றும் ஆயில் மொத்தம் இரண்டரை லிட்டர், ஃபில்டர் கிடையாது, வெறும் கம்பி வலை. இதைத் தூசிக்குள் கொண்டுபோகிறவன் முதலில் வாங்க வேண்டியது நல்ல ஏர் ஃபில்டரும் ஆயில் ஃபில்டரும். வாங்குவதோ கூரை லைட்!

ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களின் வரிசை வேறு. முதலில் தளத்தின் துரு, முன் ஆக்சில் பிடித்திருக்கும் தலைப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பிரேக். பிறகு உடம்போடு அல்ல, தளத்தோடு வெல்டிங் வைத்த ரோல் கேஜும் நாலு முனை பெல்ட்டும். பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருக்கிற கார் இது, மூக்கை எடுத்த பிறகு அங்கே வலுவான குழாய் பம்பர் இல்லாமல் கிளம்புவது தற்கொலை. ஷாக் அப்சார்பர் நிற்கும் தூண்களுக்கு இரும்புத் தட்டு, கியர் பாக்ஸுக்கு அடியில் கவசம். இதெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் இன்ஜின். பெயிண்ட் கடைசியில், அதுவும் விருப்பப்பட்டால். இன்னொரு அழகான சாமானும் உண்டு, இடது வலது பின் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்கும் இரட்டைக் கை பிரேக். ஒரு சக்கரம் காற்றில் சுற்றினால் அதை மட்டும் பிடித்தால் போதும், டிஃபரன்ஷியல் வேறு வழியில்லாமல் சக்தியை மறு சக்கரத்துக்குத் தள்ளும். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் லாக்கர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இரண்டு நெம்புகோல் செய்துவிடுகிறது.

மாற்றங்கள் எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்பதற்கு பாஹா 1000இலேயே சாட்சி இருக்கிறது. கிளாஸ் 11 என்று ஒரு பிரிவு. அதில் ஓடுபவை கிட்டத்தட்ட கம்பெனியிலிருந்து வந்த பீட்டில்கள். மட்கார்டு முழுசாக, மூக்கு முழுசாக, ரோல் கேஜும் பாதுகாப்பும் மட்டும் கூடுதலாக. பல நூறு குதிரைத்திறன் லாரிகள் ஓடும் அதே பாதையில், அவை எல்லாம் கிளம்பித் தூசி கிளப்பிப் பள்ளம் பறித்த பிறகு, கடைசியில் இவை கிளம்பும். பல முடிக்காது. சில முடிக்கும், மறுநாள் ராத்திரி. மூன்று அங்குலம் தூக்கி, கடற்கரை ரோட்டில் ஐஸ்கிரீம் வாங்கப் போகும் "பாஹா" வண்டிக்காரர் இந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கத் தயங்க வேண்டும்.

ஒரு எதிர்ப்பு மிச்சமிருக்கிறது. அது குரோம் துடைப்பவர்களிடமிருந்து வருவதில்லை, அதனாலேயே மதிக்க வேண்டியது. "பாலைவனம் என்ன பாவம் செய்தது?" என்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில், 1942இல், ஜெனரல் பேட்டன் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் டேங்க் பயிற்சி முகாம் தொடங்கினார். 1944இல் மூடினார்கள். அந்த டேங்க் தடங்கள் எண்பது வருடத்துக்குப் பிறகும் மண்ணில் தெரிகின்றன. வெறும் மண் என்று தோன்றுவதன் மேல்தோல் உயிருள்ளது, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து பின்னிய ஒரு பொருக்கு, ஒரு முறை டயர் ஏறினால் அது தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். மொஹாவி பாலைவன ஆமை 1990இல் ஆபத்துக்குள்ளான பட்டியலில் சேர்ந்தது. 750 கிலோ வண்டி இரண்டு டன் வண்டியைவிடக் குறைவாக அழுத்தும் என்பது உண்மை, ஆமை வளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை. பாதை போட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டு, மணல் திட்டுகளில் அனுமதித்த பகுதியில் ஏறு என்பது பழைய கிழவர்களின் பயம் அல்ல. பாதையை விட்டு விலகி வட்டம் போட்டு, அதைப் படம் எடுத்துப் போடும் ஒவ்வொருவனாலும் ஒரு வாசல் மூடப்படுகிறது. மூடுகிற அரசைத் திட்டுவதற்கு முன் வட்டம் போட்டவனைத் திட்ட வேண்டும், அவன் நம்ம ஆளாகவே இருந்தாலும்.

மெக்சிகோ சிட்டியின் வடக்கு ஓரத்து மலைச்சரிவில் குவாவ்தெபெக் என்று ஒரு பகுதி. வோச்சோ என்பது பீட்டிலுக்கு மெக்சிகோக்காரர்கள் வைத்த செல்லப் பெயர், அந்த இடத்துக்கு வோச்சோலாந்தியா என்றே பட்டப்பெயர். செங்குத்தான தெருக்கள், புதுக் கார்கள் மூச்சு வாங்கும் ஏற்றம். 2020களிலும் அங்கே பீட்டில்கள்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய் வருகின்றன. கதவு ஒரு நிறம், மட்கார்டு ஒரு நிறம், பம்பர் இருந்தால் இருக்கும். ஏதாவது உடைந்தால் தெருமுனைப் பட்டறையில் நிறுத்தி, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய பாகத்தை மாட்டி, சாயங்காலத்துக்குள் அடுத்த சவாரிக்கு இறங்கிவிடுகிறார்கள்.